ஓடைக்கரை நெல்லி மரமும் ஒரு கழிவுக் குழாயும்



மலாக்காவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் வழக்கமாகப் பார்க்கும் இடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செந்நிற டச்சுக் கட்டடம், ஏ ஃபாமோசா கோட்டை வாசல், செயின்ட் பால் குன்று, தங்க ஆசாரித் தெருவில் 1781-ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், காஜா பேராங்கில் மலாக்காச் செட்டிகள் வாழும் பகுதி என்று ஒரு நாளில் சுற்றிவிடலாம். இன்று நான் உங்களை அங்கெல்லாம் அழைத்துப் போகப் போவதில்லை. முதலில் ஒரு படகில் ஏற்றி, பிறகு ஆற்றை எதிர்த்து மேலே நடத்தி, கடைசியில் ஓர் ஓடைக்கரையில் இருக்கும் மேன்ஹோல் மூடியின் அருகே கொண்டுபோய் நிறுத்தப் போகிறேன். முகம் சுளிக்காமல் கூட வாருங்கள். அங்கேயும் பார்ப்பதற்கு ஒன்று உண்டு.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்களை மலாக்கா ஆற்றுப் படகுச் சவாரிக்கு அழைத்துச் சென்றேன். முக்கால் மணி நேரப் பயணம். தான் கிம் செங் பாலத்தின் அடியில் படகு நுழைந்தபோது பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். இரு கரைகளிலும் சித்திரம் தீட்டிய சுவர்கள், பூந்தொட்டிகள், நடைபாதைகள். நவீன ஓட்டல்களுக்கு நடுவே மரவீடுகளோடு அமைதியாக நிற்கும் கம்போங் மோர்ட்டன். கரையின் கல்லில் ஓர் உடும்பு படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "டீச்சர், முதலை!" என்று ஒரு பையன் அலறினான். அது உடும்புதான் என்று சொல்லி முடிப்பதற்குள் படகே சிரித்துவிட்டது.

நான் சிரித்தாலும் என் நினைவு வேறெங்கோ போயிற்று. என் சிறு வயதில் இதே ஆற்றைப் பாலத்தின் மேல் நின்று பார்த்திருக்கிறேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூக்கைப் பொத்திக்கோம்மா" என்பார். கறுத்த நீர், அதில் மிதக்கும் குப்பை. கரையோரக் கடைகளும் வீடுகளும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற காலம் அது. முன்வாசலில் கோலமும் விளக்கும். பின்வாசலில் எல்லாக் கழிவும் ஆற்றுக்கு! 2000-க்குப் பிறகு பல ஆண்டுகள் பாடுபட்டு ஆற்றைச் சீராக்கினார்கள். கழிமுகத்தின் அருகே கடல் ஏற்றத்தைத் தடுக்க மதகு அமைத்தார்கள், கரைகளைக் கட்டினார்கள், வீடுகளின் முதுகுப்பக்கம் முகப்பாக மாறியது. 2008 ஜூலையில் மலாக்கா நகரம், ஜார்ஜ் டவுனுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பலன் கண்கூடு.

ஆனால் வாசகர்களே, ஆறு நகரத்தில் பிறப்பதில்லை. மலாக்கா ஆறு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளமுள்ளது. அலோர் காஜா, டுரியான் துங்கால் பக்கங்களிலிருந்து தோட்டங்களையும் கம்பங்களையும் தாமான்களையும் தடவிக்கொண்டு, வழியில் எத்தனையோ சிற்றோடைகளைச் சேர்த்துக்கொண்டுதான் அது நகரத்துக்கு வருகிறது. மேலே நாம் கலப்பது கீழே படகில் போகிறவன் மூக்கில் ஏறும். அப்படி ஆற்றில் சேரும் ஓடைகளில் ஒன்று எங்கள் ஓடை.

அந்த ஓடைக்கு வரைபடத்தில் பெயர் இருக்கிறதோ இல்லையோ, எங்களுக்கு அது "கோயில் ஓடை". தோட்டத்து லயங்களுக்குப் பின்னால், முனியாண்டி கோயிலைச் சுற்றிக்கொண்டு ஓடும். கரையில் மூங்கில் புதர், இரண்டு புளியமரம், ஒரு பழைய நெல்லி மரம். நெல்லிக்கு மலாய் மொழியில் என்ன பெயர் தெரியுமா? "போக்கோக் மலாக்கா"! ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டில் பரமேஸ்வரா என்ற இளவரசர் ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் களைப்பாறியபோது, ஒரு சருகுமான் வேட்டை நாயை எட்டி உதைத்துத் தண்ணீரில் தள்ளியதாம். அதைக் கண்டு வியந்தவர், தாம் சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே புதிய ஊருக்கு வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆக, நம் மாநிலத்தின் பெயரே ஆற்றங்கரையில் நின்ற ஒரு நெல்லி மரத்தின் பெயர்தான்.

1991-ஆம் ஆண்டை மலாக்காவில் பிறந்த என் வயதுக்காரர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை பொய்த்தது. டுரியான் துங்கால் அணை வற்றிப்போய் அடிமண் பாளம் பாளமாக வெடித்தது. மாநிலம் முழுவதும் தண்ணீர்ப் பங்கீடு. லாரி வந்தால் வாளியும் குடமுமாக ஓட்டம்; வராத நாளில் வெறும் காத்திருப்பு. எனக்கு அப்போது பத்து வயது. லயத்துக் குழாய் காற்றைத்தான் கக்கியது. அம்மா பால்மரம் வெட்டி வந்த கையோடு என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கோயில் ஓடைக்குப் போவார். மூங்கில் நிழலில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருந்தது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வீட்டில் நன்றாகக் கொதிக்க வைத்துக் குடித்தோம். எங்கள் வரிசையில் பதினெட்டு குடும்பங்கள் அந்தத் தண்ணீரில்தான் சோறு பொங்கின. ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அதே ஓடையில் கால் வைக்கவே பிள்ளைகளை நான் தடுத்த காலமும் வந்தது.

தோட்டம் துண்டாடப்பட்டது. ரப்பர் மரங்கள் சாய்ந்தன; லயங்கள் போயின; அந்த இடத்தில் தாமான் எழுந்தது. பள்ளியும் கோயிலும் ஓடையும் மட்டும் பழைய இடத்திலேயே நின்றன. தாமான் வீடுகளின் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக, ஓடைக்கரை நெடுகக் குழாய் பதித்தார்கள்.

"கழிவுக் குழாயைப் போயும் போயும் ஓடைக்கரையிலா வைப்பார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். காரணம் எளிமையானது. கழிவுக் குழாயில் பெரும்பாலும் பம்பு வைத்துத் தள்ளுவதில்லை. சரிவில் தானாக ஓட வைக்கிறார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது தண்ணீரின் குணம். ஓர் ஊரின் மிகத் தாழ்ந்த இடம் எது? ஓடைக்கரைதான். அதனால் உலகின் பல ஊர்களில் பெரிய கழிவுக் குழாய்கள் ஆற்றையும் ஓடையையும் ஒட்டியே போகின்றன. குழாய் நன்றாக இருக்கும் வரை ஓடைக்கு அது காவல். உடைந்துவிட்டால் அதுவே எமன்.

குழாய் எப்படிக் கெடுகிறது? கழிவு தேங்கும் இடத்தில் கிருமிகள் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஒரு வாயுவை உண்டாக்குகின்றன. அது மேலே எழுந்து குழாயின் மேற்கூரையில் படிகிறது. அங்கே வேறு வகைக் கிருமிகள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் சிமெண்டை அரிக்கிறது. வெளியே மரவேர்கள் மூட்டுகளின் இடுக்கில் நுழைந்து, உள்ளே தாடிபோல் வளர்ந்து அடைக்கின்றன. மண் இறங்கினால் குழாய் விரிகிறது. மழைக் காலத்தில் வெளித்தண்ணீர் உள்ளே புகுந்து மேன்ஹோல் மூடியைத் தூக்கித் தள்ளுகிறது. வெயில் காலத்தில் உள்ளே இருப்பது வெளியே கசிகிறது. எங்கள் குழாய்க்கு இந்த நோய்கள் எல்லாமே இருந்தன.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் என் வகுப்பில் ஒரே வாரத்தில் ஒன்பது பிள்ளைகள் வரவில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ஒரு சிறுமியை மருத்துவமனையில் சேர்த்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள். ஓடையைத் தாண்டித்தான் அவள் பள்ளிக்கு வருவாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடப்பாள். ஓடைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவள் கட்டிலின் அருகே நின்றபோது என் மனத்தில் வேறு எதுவும் ஓடவில்லை.

ஆகவே, குழாயை மாற்றப் போகிறார்கள் என்று தாமானில் கூட்டம் கூட்டியபோது முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். குத்தகையாளர் முதலில் காட்டிய திட்டம் சுருக்கமானது. கரை நெடுக மண்வாரி இயந்திரம் இறங்கும். மூங்கில், புளி, நெல்லி எல்லாம் போகும். பள்ளம் தோண்டிப் புதுக்குழாய் வைத்து மூடுவார்கள். சீக்கிரம் முடியும். செலவும் குறைவு. சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். வாசகர்களே, மறைக்காமல் சொல்கிறேன்: நான் கையெழுத்துப் போட்டேன். பிள்ளையா மரமா என்று கேட்டால் ஓர் ஆசிரியை என்ன சொல்வாள்?

பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா எழுந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் தண்டல் வேலை பார்த்தவர். என் அப்பாவின் கூட்டாளி.

"ஏம்மா, குழாய்தானே கெட்டுப் போச்சு? குழாயை மாத்துங்க. மரத்தை ஏன் மாத்தணும்? தொண்ணூத்தொண்ணுல அந்த மூங்கில் இல்லேன்னா ஓடையில தண்ணி நின்னிருக்குமா? நீயும் அதைக் குடிச்சவதானே!"

எனக்குத் தலை தாழ்ந்தது. அவர் பொறியியல் படித்தவரல்லர். ஆனால் அவர் சொன்னது சரியான பொறியியல். கரையின் வேர்கள்தான் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. மரத்தை வெட்டினால் அடுத்த பெருமழையில் கரை சரியும்; கரை சரிந்தால் புதுக்குழாயும் விரியும். பிள்ளையா மரமா என்று நான் கேட்டுக்கொண்ட கேள்வியே தவறு. இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

இந்தக் கேள்வி எங்கள் தாமானுக்கு மட்டும் வந்ததன்று. லண்டன் நகரில் 1854-இல் பிராட் தெருவில் காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, ஒரே ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே சாவு குவிந்திருப்பதைக் காட்டினார். 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளை மருந்துச் சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பிறகுதான் பேசல்ஜெட் என்ற பொறியாளரின் திட்டத்துக்குப் பணம் பிறந்தது. ஆற்றில் விழ இருந்த கழிவைக் கரையோரக் குழாய்களில் மறித்து, நகருக்குக் கீழே கொண்டு போனார் அவர்.

நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில் 1977-இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தே ஆண்டுகளில் ஆற்றைச் சுத்தமாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், சாலையோரக் கடைகள், சரக்குப் படகுகள் எல்லாம் இடம் பெயர்ந்தன. வீடுகள் கழிவுக் குழாயோடு இணைக்கப்பட்டன. 1987-இல் வேலை நிறைவேறியது. அதே சமயம், அந்த ஆற்றை நம்பிப் பிழைத்த பலர் தொழிலையும் இடத்தையும் விட்டுப் போக நேர்ந்ததையும் மறக்கக் கூடாது.

நம் நாட்டில் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் 1993-இல் வந்தது. 1994 முதல் இண்டா வாட்டர் நிறுவனம் பொறுப்பேற்றது. 2000-இல் அரசாங்கம் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ஆற்றோரத்தில் எவ்வளவு நிலத்தைத் தொடாமல் விட வேண்டும் என்பதற்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி உண்டு. 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறு என்றால் ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர். 5 மீட்டருக்கும் குறைந்த ஓடை என்றால் 5 மீட்டர். அந்த ஐந்து மீட்டருக்குள்தான் எங்கள் மூங்கிலும் புளியும் நெல்லியும் நின்றன.

தாத்தா பேசியதற்குப் பிறகு கூட்டம் இரண்டாகப் பிளந்தது. "நாத்தத்தில கிடக்கிறது நாங்க, மரத்தைப் பத்தி நீங்க பேசுறீங்களா?" என்று மேன்ஹோலை அடுத்த வீட்டு அம்மா அழாத குறையாகக் கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில், மேற்பார்வைக்கு வந்திருந்த இளம் பெண் பொறியாளர் ஒருவர், "ரெண்டு வாரம் கொடுங்க. குழாய்க்குள்ளே கேமரா விட்டுப் பார்த்துட்டு வர்றோம்" என்றார்.

கேமரா பார்த்தது. குழாய் முழுவதும் கெடவில்லை. ஓரிடத்தில் நொறுங்கியிருந்தது, மற்ற இடங்களில் விரிசலும் வேரும்தான். நொறுங்கிய பகுதியை மட்டும் தோண்டி மாற்றுவது, மற்றதற்கு உள்ளேயே புதிய உறை போடுவது என்று முடிவாயிற்று. உறை போடும் முறை வேடிக்கையானது. பசையில் ஊறிய நீண்ட துணிக்குழாயைப் பழைய குழாயின் வயிற்றுக்குள் செலுத்தி, உள்ளே வெந்நீர் விட்டு இறுகச் செய்கிறார்கள். குழாய்க்குள் குழாய், மேலே ஒரு புல்கூட அசையாது. 1971-இல் லண்டனில் எரிக் வுட் என்பவர் தொடங்கிய முறை இது.

வேலை நடந்த நாள்களில் தினமும் பள்ளி முடிந்ததும் போய்ப் பார்த்தேன். மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே குழாயை அடைத்து, கழிவை பம்பு மூலம் தற்காலிகக் குழாயில் தாண்டவிட்டதால் ஒரு சொட்டும் ஓடையில் விழவில்லை. தோண்டிய மண் தண்ணீரில் கரையாமல் இருக்கக் கரை நெடுகத் துணி வேலி கட்டினார்கள். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து, மூடும்போது அதே வரிசையில் போட்டார்கள். மேல்மண்ணில்தான் விதையும் புழுவும் உயிரும் இருக்கிறதாம். மரத்தின் சத்து உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே கிளைநிழலையும் தாண்டிப் படர்ந்திருக்கும் என்பதால், நெல்லி மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, இயந்திரம் நுழையக் கூடாது என்று பலகை வைத்தார்கள்.

எல்லாம் தப்பித்தது என்று சொல்ல மாட்டேன். நொறுங்கிய இடத்துக்கு நேர் மேலே நின்ற ஒரு புளியமரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அதை வெட்டிய அன்று தாத்தா வரவில்லை. வேலையும் ஏழு வாரம் கூடுதலாக இழுத்தது. அதுவரை நாற்றத்தைச் சகித்தவர் மேன்ஹோல் வீட்டு அம்மாதான். இந்த ஓடைக்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவருக்கே சொல்லுவேன்.

இப்போது நாற்றம் இல்லை. மூங்கில் நிழலில் சின்ன மீன்கள் திரிகின்றன; போன மாதம் ஒரு மீன்கொத்தியைக்கூடப் பார்த்தேன். ஆனால் 1991-இல் அள்ளிய தண்ணீர் இன்னும் திரும்பவில்லை. ஏன் தெரியுமா? பழைய வீடுகள் பலவற்றில் கழிவறை நீர் மட்டும்தான் தொட்டிக்கோ குழாய்க்கோ போகிறது. சமையலறை, குளியலறைத் தண்ணீர் நேரே லோங்கானில் விழுந்து ஓடைக்குப் போகிறது. அதைப் பொறியாளர் மட்டும் நிறுத்த முடியாது.

அது உங்கள் கையிலும் என் கையிலும் இருக்கிறது. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். போத்தலில் சேர்த்து வையுங்கள். குழந்தையின் டயப்பரையும் ஈரத்துணித் தாளையும் கழிவறையில் போடாதீர்கள். வீட்டில் மலத்தொட்டி இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை சேற்றை எடுக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று நாம் ஒதுக்குவது, யாரோ ஒரு குழந்தை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் வழியாக இருக்கலாம்.

மருத்துவமனையில் படுத்திருந்த அந்தச் சிறுமி தேறி வந்து இப்போது ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். புளியமரம் நின்ற இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நெல்லிக் கன்று நட்டார்கள். முதல் வாளித் தண்ணீரை ஊற்றியது அவள்தான். தாத்தா பக்கத்தில் நின்று, "வேர்ல ஊத்து புள்ள, இலையில ஊத்தாதே" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை மலாக்காவில் படகேறும்போது, காலடியில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். நேரம் இருந்தால் எங்கள் பக்கமும் வாருங்கள். நெல்லி காய்த்திருந்தால் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தருகிறேன்!